மேளம் - ஒரு செட்

குடும்பத்தில் யாராவது ஒருத்தர் பி.காம். படித்துவிட்டால் அவருக்கு ஒரு ஆயுள் தண்டனை உண்டு. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் அத்தனையிலும் கணக்கு நோட்டு அவர் கையில்தான் வந்து விழும். நான் பி.காம். முடித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு டெபிட், கிரெடிட் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டேன். இருந்தாலும் போன தை மாதம் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் என்றதும், மேற்கு மாம்பலத்தில் ஒரு மண்டபத்து மாடிப்படிக்குக் கீழே, ரப்பர் பேண்ட் போட்ட பணக்கட்டும் நீள நோட்டுமாக உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

முகூர்த்தம் முடிந்தது. அட்சதை போட்ட கையோடு கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. ஹாலில் காலி நாற்காலிகளும் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகளும்தான். நாயனக்காரர் காபி குடிக்க எழுந்து போயிருந்தார். தவில்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். யாரும் கேட்கச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சும்மா விரல் ஓட்டுவதுபோல ஆரம்பித்தார். பக்கத்தில் தாளம் போட ஒரு பையன். கொஞ்ச நேரத்தில் அது எங்கேயோ போய்விட்டது. கணக்குகள். அதுவும் என் நோட்டில் இருக்கிற மாதிரி கணக்குகள் இல்லை. ஏழையும் ஐந்தையும் உடைத்து, சேர்த்து, இனிமேல் வந்து சேராது என்று நாம் நினைக்கிற இடத்தில் சரியாக வந்து சேர்கிற கணக்குகள். நோட்டை மூடிவிட்டு, செல்போனை எடுத்து இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்தேன்.

அன்று ராத்திரி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாராட்டு கொட்டியது. பாராட்டு எனக்கு! ‘என்ன அருமையா எடுத்திருக்கே!’ நியூஜெர்சி சித்தப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். ‘யாருப்பா இந்த வித்வான்? பேர் என்ன?’

தெரியவில்லை. கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஐஸ்கிரீமுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், என் கையெழுத்திலேயே இருந்தது: ‘மேளம் - 1 செட்.’ பக்கத்தில் தொகை. தண்ணீர் பாட்டில் சப்ளை செய்த கம்பெனியின் பெயரைக்கூட எழுதியிருந்தேன். மேளத்துக்குப் பெயர் இல்லை. காண்ட்ராக்டர் மூலமாக வந்தது. செட்.

இதனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது தஞ்சாவூர் ஞாபகம் வந்தது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் எல்லோரும் நந்தியைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தின் நிழல் தரையில் விழுமா விழாதா என்று விவாதித்திருப்பீர்கள். விழும். ஆனால் கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒடுக்கமான ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. அதற்குள் எல்லோரையும் விடுவதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கட்டுரைக்காக அனுமதி வாங்கிப் போனேன். இருட்டு, புழுக்கம். பின்னால் நகர்ந்து நின்று பார்க்க இடமில்லை, முதுகு அடுத்த சுவரில் முட்டும். கூட வந்தவர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். சுவரிலிருந்து முகங்கள் எழுந்து வந்தன.

அந்த முகங்கள் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தவை. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே சுண்ணாம்பு பூசி வேறு ஓவியங்களைத் தீட்டிவிட்டார்கள். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி விளக்கும் கையுமாக உள்ளே நுழைந்து பார்த்தபோது, மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து சோழர் காலத்து வண்ணம் எட்டிப் பார்த்தது. அப்புறம்தான், ராஜராஜன் காலத்து ஓவியம் ஆயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது என்ற விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தையும் சேதமாகாமல் தனியாகப் பிரித்தெடுத்து, அடியில் இருந்ததை வெளிக்கொண்டுவந்தார்கள். அது ஒரு பெரிய சாதனை.

அங்கே ஒரு முழுச் சுவர் சுந்தரர் கதை. ஒரு பக்கம் அவருடைய கல்யாணம். கிழவர் ஒருவர் ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்று, ‘இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை’ என்று கல்யாணத்தையே நிறுத்துகிறார். கிழவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொரு இடத்தில் சுந்தரர் வெள்ளை யானை மேலும், அவருடைய சிநேகிதர் சேரமான் பெருமாள் குதிரை மேலுமாகக் கயிலாயத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மேலே கயிலாயத்தில் சிவபெருமான் புலித்தோல் மேல் உட்கார்ந்து நடனம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே அந்தப் பெண்கள் ஆடுகிறார்கள். கணங்களும் மற்றவர்களும் வாத்தியம் வாசிக்கிறார்கள்.

ஆடுகிற அந்தப் பெண்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர்களைத் தேவலோகத்து அப்சரஸ் என்று சொல்வது வழக்கம். இருக்கலாம். ஆனால் அந்த உடம்பு தேவலோகத்து உடம்பு இல்லை. இடுப்பு திரும்புகிற திருப்பமும், கை நீண்டு மணிக்கட்டில் முறிகிற கோணமும், ஆடத் தெரிந்தவர்களைப் பலநாள் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவன் வரைந்தவை. வரைந்தவன் கயிலாயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்க முடியாது. தஞ்சாவூரில்தான் பார்த்திருக்க வேண்டும். இது என் ஊகம். அந்தப் பெண்களில் யாரோ ஒருத்தி, தினமும் தெருவில் நடந்து போனவள்.

அவள் பெயர் என்ன?

அந்தக் கோயிலிலேயே பெயர்களும் இருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, 400 பெயர்கள்.

ராஜராஜனின் 29-ஆவது ஆட்சியாண்டில், அதாவது 1014-ல், பெரிய கோயில் மதிலில் ஒரு கல்வெட்டு வெட்டினார்கள். ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதைப் படித்து தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடிவைத்தார்கள். ஆளுக்கு ஒரு வீடு. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒரு கலம் பன்னிரண்டு மரக்கால். பெண்களுக்கு மட்டுமே வருஷத்துக்கு 40,000 கலம். எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் உண்டு. அந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். ஆடுகிற சாமியின் பெயர்!

கணக்குத் தெரிந்தவன் படித்தால் அந்தக் கல்வெட்டு முதல்தரமான ஒரு பேரேடு. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன. சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, தில்லையழகி, பரவை. எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’ என்ற அடைமொழி. பெண்ணுக்கு எடுத்தபாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடராஜரின் தூக்கிய திருவடி. அந்தப் பெயரோடு ஒரு பெண் தெருவில் கீரை வாங்கியிருப்பாள் என்று நினைக்கும்போதே ஆயிரம் வருஷம் சுருங்கிவிடுகிறது. பரவை என்பது சுந்தரரின் மனைவி பெயர். திருவாரூர்க் கோயிலில் ஆடிய பெண் அவர். உள்ளே சுவரில் சுந்தரர் கதை. வெளியே மதிலில் பரவை என்ற பெயரில் நெல் வாங்கும் பெண்.

இந்தப் பெண்களோடு நட்டுவனார்கள், பாடுகிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள், குடை பிடிக்கிறவர்கள், தையல்காரர், கணக்கர்கள் என்று ஒரு பெரிய பட்டியலே வருகிறது. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லை வாங்கிக்கொள்ளலாம். அந்த உறவினருக்கு வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும். இவ்வளவு துல்லியம்.

ஒரு எச்சரிக்கை. இந்த 400 பேரும் ஆடினார்கள் என்று கல்வெட்டில் நேரடியாக எழுதியிருக்கவில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் என்றுதான் இருக்கிறது. பட்டியலில் நட்டுவனார்கள் இருப்பதால், ஆடியவர்களும் இருந்திருக்க வேண்டும் என்று கொள்கிறோம். அதேபோல இவர்களையும், பல நூற்றாண்டு கழித்து வந்த தேவதாசி முறையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்வது. சரிதான்.

ஆக, கருவறைக்குப் பக்கத்தில் முகங்கள் இருக்கின்றன. பெயர் இல்லை. மதிலில் பெயர்கள் இருக்கின்றன. முகம் இல்லை. ஒரே கோயில், ஏறக்குறைய ஒரே காலம். நடுவில் சில நூறு அடி தூரம்தான். இந்தப் பெயர் இந்த முகத்துக்கு என்று இனி யாராலும் சேர்த்துவைக்க முடியாது.

நம் ஊரில் இது பெரிய கோயிலோடு நிற்கிற சமாசாரமும் இல்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல். பாண்டியர் காலத்துச் சமணக் குகைக்கோயில். தூண்களில் இரண்டு நடன மாதர்கள். ஒன்பதாம் நூற்றாண்டு. அந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று கல்வெட்டு இருக்கிறது. ஆடுகிறவர்கள் யார் என்று ஒரு எழுத்தும் இல்லை.

இதை எங்கள் ஃபிளாட்டின் கீழ்வீட்டு மாமாவிடம் சொன்னேன். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அயோத்யா மண்டபத்தில் எந்தக் கதாகாலட்சேபத்தையும் விடமாட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுல என்னப்பா குறை? கோயில்ல ஆடறதும் வாசிக்கறதும் சுவாமிக்கு. பேர் போட்டுக்கறது அகங்காரம். அந்தக் காலத்துக் கலைஞனுக்கு அது தெரிஞ்சிருந்தது.”

இதை நாம் எல்லோரும் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கோயிலுக்கே ராஜராஜேச்சரம் என்று ராஜாவின் பெயர். கோயிலைக் கட்டிய தச்சரின் பெயர் கல்லில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். ராஜாவுக்குச் சவரம் செய்தவருக்குக்கூட ராஜராஜப் பெருநாவிசன் என்ற பட்டம் கல்லில் இடம்பெற்றிருக்கிறது. யார் என்ன கொடுத்தார்கள், எந்த நகையில் எத்தனை முத்து என்று மதிலெல்லாம் எழுதி வைத்தவர்கள் அவர்கள். அகங்காரம் கூடாது என்ற தத்துவம், சுவருக்கு உள்ளே ஓவியம் தீட்டியவனுக்கும் அதில் ஆடியவளுக்கும் மட்டும்தானா? பொதுவாக இந்த மாதிரி தத்துவங்கள் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வதற்காகவே உண்டானவை.

மாமா விடவில்லை. “சரி, நீ நேத்து அந்தத் தவிலைக் கேட்டியே, பேரைக் கேட்டுண்டா ரசிச்சே? பேர் தெரியாமலேதானே உன் கை நோட்டை மூடித்து?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதான். கலை நம்மைப் பிடிக்கும்போது அட்ரஸ் கேட்டுவிட்டுப் பிடிப்பதில்லை. பெயர் தெரியாததால் அந்த ஓவியத்து முகங்களின் அழகில் ஒரு குன்றிமணி குறையவில்லை. அப்படியானால் நம் கடன் என்ன? ரசித்துவிட்டால் போதாதா? ரசித்ததற்காக எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமா?

இந்த இடத்தில் கொஞ்சம் சீனாவுக்குப் போய்வர வேண்டும். நமக்குப் புதிய வழி இல்லை அது. ராஜராஜன் அனுப்பிய தூதுக் குழு 1015-ல் சீனாவில் சோங் வம்சத்து மன்னரின் சபைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சொல்லப்போவது அதற்குச் சுமார் ஐம்பது வருஷம் முந்தைய கதை.

இன்றைய நான்ஜிங் நகரத்தைத் தலைநகராக வைத்து, தென் தாங் என்று ஒரு சின்ன ராஜ்ஜியம். லி யூ என்று ஒரு ராஜா. கவிஞர். அவரிடம் ஹான் ஷிட்சாய் என்று ஒரு அமைச்சர். மகா கெட்டிக்காரர். ஆனால் ராஜ்ஜியம் மூழ்கப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரிய பதவி தன் தலையில் வந்து விழாமல் இருப்பதற்காகவோ என்னவோ, ராத்திரியெல்லாம் வீட்டில் பாட்டு, ஆட்டம், விருந்து என்று இருந்தார். ராஜாவுக்குச் சந்தேகம். உள்ளே என்னதான் நடக்கிறது? அரண்மனை ஓவியர் கு ஹோங்ஜோங்கைக் கூப்பிட்டு, ‘விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்படியே வரைந்து கொடு’ என்றார். ஓவியர் போனார், பார்த்தார், மனசில் வாங்கிக்கொண்டு வந்து வரைந்தார். பழைய சீனக் குறிப்புகள் சொல்லும் கதை இது.

அந்தப் பட்டுச் சுருள் இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது இருப்பது பிற்பாடு சோங் காலத்தில் எடுத்த பிரதி என்பது பெரும்பாலோர் கருத்து. நீளம் மூன்றேகால் மீட்டருக்கு மேல், உயரம் ஒரு அடிகூட இல்லை. ஐந்து காட்சிகள். ஒரு பெண் பிபா வாசிக்கிறாள், எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்கிறார்கள். இன்னொரு காட்சியில் ஒரு பெண் ஆட, அமைச்சரே எழுந்து நின்று முரசு அடிக்கிறார். அங்கே ஒரு புத்த பிக்கு வந்து மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார். வேறொரு காட்சியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குழல் ஊதுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஹான் ஷிட்சாய் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

சீன ஓவியங்களில் இசையும் நடனமும் வரும் காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. துன்ஹுவாங் குகைகளில் சுவர் சுவராக ஆடுகிறார்கள். அங்கே ஒருத்தி பிபாவை முதுகுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டே ஆடுகிறாள். ஆனால் உலகத்துக்கே அதிகம் தெரிந்த காட்சிகளில் ஒன்று இந்த அமைச்சர் வீட்டு விருந்து. அதிலே ஆடுகிற பெண்ணுக்குப் பெயரும் உண்டு. வாங் வூஷான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நம் தஞ்சாவூர்ப் பெண்ணுக்குக் கிடைக்காத பாக்கியம்.

பாக்கியமா? யோசித்துப் பாருங்கள். அந்தப் படம் ஒரு உளவு அறிக்கை. யார் வந்தார்கள், யார் ஆடினார்கள், அமைச்சர் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று ராஜாவுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக வரைந்தது. அவள் ஆடியது அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு. ஓரத்தில் நின்று ஒருவர் கண்ணாலேயே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமா?

இங்கேதான் என் பேரேட்டுப் பெருமையும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. 400 பெயர்களை ராஜராஜனின் கணக்கர்கள் கலைப்பற்றால் எழுதவில்லை. நெல் சரியான ஆளுக்குப் போகவேண்டும், வேலை நிற்கக் கூடாது என்பதற்காக எழுதினார்கள். எந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டாள் என்று இருக்கிறது. அவள் வர விரும்பினாளா என்று கல்வெட்டு சொல்லாது. கல்வெட்டில் அதற்கு ஒரு காலம் கிடையாது. சுந்தரர் கல்யாணத்தில் அந்தக் கிழவர் நீட்டிய ஓலையிலும் பெயர்தான் இருந்தது. பெயரை எழுதியதால்தான் ஒருவன் பரம்பரையே அடிமை என்று வழக்குப் பேச முடிந்தது. அங்கே நீட்டியது சிவபெருமான், அதனால் முடிவு நன்றாக இருந்தது. எல்லா ஓலைகளையும் அவரே நீட்டுவதில்லை.

அப்புறம் இருபதாம் நூற்றாண்டு. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. அதற்காக முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடினார். அந்தக் குலத்திலிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போராடினார். சட்டம் வேண்டாம் என்று வாதாடிய பெண்களும் அதே குலத்தில் இருந்தார்கள். வழக்கத்தை ஒழித்தது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே வருஷங்களில்தான் சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. சோழர் சிற்பமும் ஓவியமும் நம் பண்பாட்டுக்குச் சாட்சியாக காலண்டரில் ஏறின. அந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்த வீடுகளோ வெளியில் சொல்ல முடியாத வீடுகளாயின. பாலசரஸ்வதி மாதிரி சிலர்தான், ‘நான் இந்த வீட்டுப் பெண்’ என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டே ஆடினார்கள். 1973-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. 1976-ல் சத்யஜித் ராய் அவரைப் பற்றிப் படம் எடுத்தார். மற்ற எத்தனையோ பேர் பெயரை மறைத்துக்கொண்டார்கள். மறைத்துக்கொள்வது அவர்கள் விருப்பமாகக்கூட இருந்திருக்கலாம். பேத்திக்குக் கல்யாணம் ஆகவேண்டும் இல்லையா?

ஆகவே, பெயரைப் போட்டுவிட்டால் கடன் தீர்ந்தது என்று சொல்லவும் வழியில்லை. போடாமல் விட்டால் அவள் ‘அப்சரஸ்’ ஆகிவிடுகிறாள், இவர் ‘செட்’ ஆகிவிடுகிறார். போட்டால் சில சமயம் அது காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் என்ன செய்ய?

தவில்காரர் என்ன சொன்னார் என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

காண்ட்ராக்டரிடம் நச்சரித்து நம்பர் வாங்கினேன். பேசினேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை ஒன்றில் சாயங்காலம் சந்திக்கலாம் என்றார். பேன்ட், சட்டை, தோளில் டிபன் பாக்ஸ் பை. கல்யாணத்தில் பார்த்த ஆளா என்று ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டேன். போனில் வீடியோவைக் காட்டினேன். தலையைச் சாய்த்து, தன் கையையே யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு இடத்தில் “இங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்” என்றார்.

“பிரமாதங்க. உங்களைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். பேர் போட்டு” என்றேன், பெரிய மனசோடு.

அவர் முகம் மாறியது.

“இதை யார் யாருக்கு சார் அனுப்பினீங்க?”

விஷயம் இதுதான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. தவிலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. முகூர்த்த நாட்களில் ஏதாவது சொல்லி லீவு போடுவார். அன்றைக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார். அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. சூப்பர்வைசர் மாறிவிட்டதால் அது யாருக்கும் தெரியாது.

எனக்கு வியர்த்தது. குடும்பக் குழுவில் முப்பத்தைந்து பேர். நியூஜெர்சி சித்தப்பா அதை இன்னும் மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். பெருமையாக என்னிடமே சொன்னார். நான் என் பக்கத்தில் அழித்தால் என்ன ஆகப்போகிறது? பிறர் கலையைக் கொண்டாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சீன ஓவியர் வேலையைத்தான் செய்திருக்கிறேன். அவருக்காவது ராஜா உத்தரவு என்று ஒரு காரணம் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். “பரவால்ல சார். நல்லா இருக்குன்னுதானே எடுத்தீங்க. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

இத்தனை நாள் யோசித்ததில் எனக்குத் தோன்றாத பதில், ஆறு வார்த்தைக்குள் வந்துவிட்டது. பெயரைப் போடுவதா வேண்டாமா என்று நானும் கீழ்வீட்டு மாமாவும் வாதாடிக்கொண்டிருந்தோம். எங்கள் இரண்டு பேருக்குமே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்று உறைக்கவில்லை. கேட்பதற்கு முதலில் பக்கத்தில் போகவேண்டும். ‘நல்லா வாசிச்சீங்க, உங்க பேரு?’ என்று ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். சுவரில் இருக்கும் பெண்ணிடம் இனிமேல் கேட்க முடியாது. அந்தக் கடன் வாராக்கடன், தள்ளுபடி செய்ய வேண்டியதுதான். ஆனால் காலி நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தவர் இருபதடி தூரத்தில்தான் இருந்தார். நான் எழுந்து போகவில்லை. போனை நீட்டினேன்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். கம்பெனி, ஊர், வயது எல்லாவற்றையும்கூட அவர் சம்மதத்தோடு கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ‘அப்ப எதுலயும் எழுத வேண்டாமா?’ என்று கேட்டேன். யோசித்தார்.

“அந்தக் கணக்கு நோட்டுல எழுதிக்கோங்க சார். அது உங்க வீட்டுலதானே இருக்கும்?”

சொன்னார், எழுதிக்கொண்டேன். தன் பெயர், நாயனக்காரர் பெயர், சுருதி போட்டவர் பெயர். தாளம் போட்ட பையன் அவருடைய தங்கை மகன். ஐ.டி.ஐ. படிக்கிறானாம். ராத்திரியில் மாமாவிடம் தவில் கற்றுக்கொள்கிறானாம். அவன் பெயர். காண்ட்ராக்டர் ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு கொடுத்தார் என்றும் கேட்டேன். சொன்னார். நான் கொடுத்த தொகைக்கும் அதற்கும் இருந்த வித்தியாசத்தைப் பற்றிக் காண்ட்ராக்டரிடம் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது.

ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ‘மேளம் - 1 செட்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே நாலு பெயரையும் எழுதினேன். ஒரு வரி நாலு வரியானது. டோட்டல் மாறவில்லை.